வீட்டிலிருந்தே ஆரி ஒர்க்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை திருநகரில், எங்கள் வீட்டு முன்னறையில் 9 வருடமாக ஆரி ஒர்க் செய்து வருகிறேன். கல்யாண பிளவுஸ், சீமந்த பிளவுஸ்தான் அதிகம். வீட்டில் கணவர், மாமியார், ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள், மூன்றாம் வகுப்பில் மகன். பிளவுஸ் கொடுக்க வருகிறவர்கள், கற்றுக்கொள்ள வருகிறவர்கள், யாரிடமோ நம்பர் வாங்கிக் கூப்பிடும் முகம் தெரியாத தங்கைகள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். எழுதி வைத்துவிட்டால் வாய் வலி மிச்சம் என்று உட்கார்ந்தேன். இதில் வரும் ரூபாய்க் கணக்கு என் நோட்டில் உள்ளது. உங்கள் ஊரில் கொஞ்சம் கூடும், குறையும்.

ஆரி ஒர்க்குக்கும் சாதாரண எம்பிராய்டரிக்கும் என்ன வித்தியாசம்?

ஊசியில்தான் வித்தியாசம். கை எம்பிராய்டரி ஊசிக்குக் காது உண்டு. அதில் நூலைக் கோத்து, ஒவ்வொரு தையலுக்கும் முழு ஊசியையும் துணிக்குள் விட்டு எடுக்க வேண்டும். ஆரி ஊசிக்கு நுனியில் ஒரு குட்டிக் கொக்கி. துணியைச் சட்டத்தில் மேளத் தோல் மாதிரி இழுத்துக் கட்டி, மேலேயிருந்து குத்தினால், அடியில் இடது கை பிடித்திருக்கும் நூலைக் கொக்கி கவ்விக்கொண்டு மேலே வரும். ஊசி முனை மட்டும் போய் வருவதால் வேகம் பல மடங்கு.

கட்ச் பகுதியில் தோல் வேலை பார்த்த மோச்சிகள், செருப்புத் தைக்கும் கொக்கி ஊசியைப் பட்டுக்கும் பயன்படுத்தினார்கள். இந்த முறை 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கும் போனது. பிரான்சில் இன்றும் விலை உயர்ந்த கவுன்களுக்கு இதே மாதிரிக் கொக்கி ஊசியில்தான் பாசி கோக்கிறார்கள்.

இந்தத் தையலுக்கு ஒரு பலவீனம் உண்டு. ஒவ்வொரு கண்ணியும் அடுத்த கண்ணியைப் பிடித்துக்கொண்டு நிற்பதால், கடைசியில் முடிச்சைச் சரியாகப் போடாவிட்டால் நூலை ஒரு இழு இழுத்தால் போதும், மொத்த வரிசையும் பொலபொலவென்று வந்துவிடும். புதிதாக வருகிறவர்களிடம் முதலில் அந்த முடிச்சைத்தான் பார்ப்பேன், பூவை அப்புறம்தான் பார்ப்பேன்.

எங்கே கற்றுக்கொள்வது? எத்தனை நாள் ஆகும்?

பணம் கட்டிப் படிக்கும் முன் உங்கள் மாவட்டத்தில் உள்ள ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். வங்கிகள் நடத்துவது. பயிற்சிக்குக் கட்டணம் இல்லை, சாப்பாடும் உண்டு. கர்நாடகத்தில் உஜிரே என்ற ஊரில் 1982இல் தொடங்கிய ஒரு முயற்சியைப் பார்த்துத்தான் நாடு முழுக்க இதைக் கொண்டுவந்தார்கள். பல மாவட்டங்களில் ஆரி, தையல் இரண்டுமே நடக்கிறது.

ஒரு மாதத்தில் எல்லாத் தையலும் காட்டிவிடுவார்கள். கை பழக அதற்கப்புறம் மூன்று மாதமாவது ஆகும். எனக்கு ஐந்து மாதம் ஆனது, கைக்குழந்தை வேறு இருந்தது. சான்றிதழைப் பார்த்து இதுவரை எந்த மணப்பெண்ணும் பிளவுஸ் கொடுத்ததில்லை. வங்கியில் கடன் கேட்கும்போது மட்டும் அது உதவும்.

எனக்குப் படம் வரையவே வராது. செய்யலாமா?

தாராளமாக. டிரேசிங் தாளில் படத்தை எடுத்து, கோட்டின் மேலேயே ஊசியால் பொடிப் பொடியாக ஓட்டை போட்டு, துணியில் வைத்து, ஜிங்க் பவுடரை மண்ணெண்ணெயில் குழைத்துப் பஞ்சால் தேய்த்தால் வெள்ளைப் புள்ளியாகப் படம் இறங்கிவிடும். இப்போது மண்ணெண்ணெய் கிடைப்பது குதிரைக்கொம்பு, அதனால் பலரும் மஞ்சள் கார்பன் தாளுக்கு மாறிவிட்டார்கள். நீலகிரியில் தோடர் பெண்கள் படமே போடுவதில்லை. துணியின் இழைகளை எண்ணி எண்ணியே சிவப்பும் கறுப்புமாகப் போட்டுவிடுகிறார்கள். 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய வேலை அது. வரையத் தெரியவில்லையே என்று யாராவது குறைப்பட்டால் எனக்கு அவர்கள் நினைவுதான் வரும்.

தொடங்க எவ்வளவு பணம் வேண்டும்?

எனக்கு 7,000 ரூபாய்க்குள் முடிந்தது. ஸ்டாண்டும் சட்டமும் சேர்த்து 2,500. மீதி ஊசி, ஜரி நூல், சில்க் நூல், சர்தோசி (ஸ்பிரிங் மாதிரிச் சுருண்ட மின்னும் கம்பி), சமிக்கி, பாசி, குந்தன் (ஒட்டும் கல்), ஒட்டும் பசை, நல்ல ஒரு விளக்கு. மதுரைக்காரர்களுக்கு எழுகடல் தெருப் பக்கம் போனால் எல்லாமே கிடைக்கும். சின்ன பாக்கெட்டாக வாங்காமல் எடை போட்டு வாங்கினால் விலை நன்றாகக் குறையும்.

ஆனால் முதல் தடவை போகும்போது பட்டியல் எழுதிக்கொண்டு போங்கள். நான் வெறும் கையோடு போனேன். கண்ணில் பட்ட 40 நிறத்தில் நூல் வாங்கினேன். அதில் பாதி இன்னும் டப்பாவில்தான் கிடக்கிறது. தங்க நிற ஜரி, ஆன்டிக் ஜரி, மெரூன், பச்சை, ராமர் நீலம், கத்திரிப்பூ, வெள்ளை, இவை இருந்தாலே முதல் ஆறு மாதத்தை ஓட்டிவிடலாம். மற்றதை ஆர்டர் வந்தபின், அட்வான்ஸ் பணத்தில் வாங்குங்கள்.

ஒரே ஒரு அறைதான் இருக்கிறது. ஸ்டாண்டை எங்கே போடுவது?

ஜன்னல் ஓரத்தில், வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வருகிற மாதிரி. வலது கைக்காரர்களுக்கு அப்போதுதான் கை நிழல் தையல் மேல் விழாது. சமையலறைப் பக்கம் மட்டும் வேண்டாம். தாளிக்கிற வாடையும் எண்ணெய்ப் பிசுக்கும் பட்டில் ஏறினால் போகாது. வேலை முடிந்ததும் பழைய வெள்ளை வேட்டியால் மூடி, சட்டத்தைச் சுவரில் சாய்த்துவிடுவேன். அப்புறம் அந்த இடத்தில்தான் மகன் வீட்டுப்பாடம் எழுதுவான்.

கைக்குழந்தையும் தவழும் குழந்தையும் உள்ள வீட்டில் பாசி, ஊசி ஆபத்தில்லையா?

ஆபத்துதான். இதில் பூசி மெழுக எனக்கு விருப்பமில்லை. என் மகனுக்கு இரண்டு வயதிருக்கும்போது ஒரு பாசியை மூக்கில் போட்டுக்கொண்டான். மாமியார் கொண்டை ஊசியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். நான் அழுதுகொண்டே தடுத்தேன். நல்ல வேளை. நாமே நோண்டினால் பாசி இன்னும் உள்ளேதான் போகும், நேராகக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விட வேண்டும் என்று அங்கே சொன்னார்கள். எடுக்க இரண்டு நிமிடம் ஆனது. எனக்குக் கை நடுக்கம் நிற்க ஒரு நாள் ஆனது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டு விதி இது. பாசி எல்லாம் திருகு மூடி டப்பாவில், பீரோ மேல் தட்டில். வேலைக்கு வேண்டியதை மட்டும் விளிம்பு உயர்ந்த ஒரு தட்டில் கொட்டிக்கொள்வேன். எத்தனை ஊசி எடுத்தேன் என்று எண்ணித்தான் எடுப்பேன், எண்ணித்தான் வைப்பேன். எண்ணிக்கை குறைந்தால் காந்தத்தைத் தரையில் உருட்டிக் கண்டுபிடிக்காமல் சாப்பிடவே போக மாட்டேன். மண்ணெண்ணெயைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. தப்பித் தவறி குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அது நுரையீரலுக்குள் போய்விடும். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

குழந்தை தவழ்ந்து திரியும் அந்த ஒரு வருடம் மட்டும் நூல் வேலையோடு நிறுத்திக்கொண்டாலும் தப்பில்லை.

பிள்ளைகள், சமையல் எல்லாம் பார்த்துக்கொண்டு ஒரு நாளில் எத்தனை மணி நேரம் செய்ய முடியும்?

நான் போட்டிருக்கும் திட்டம் இது. விடிகாலை 5 முதல் 6.15 வரை, வீடு எழும்பும் முன். 9.30 முதல் 12.30 வரை, பள்ளி வேன் போனபின். 2 முதல் 3.30 வரை. மொத்தம் ஐந்தே முக்கால் மணி நேரம்.

நடப்பது வேறு. கேஸ் சிலிண்டர் வரும், பால் பாக்கி கேட்டு ஆள் வரும், மாமியாருக்கு மாத்திரை தீர்ந்திருக்கும், பள்ளியிலிருந்து கூப்பிடுவார்கள். ஸ்டாண்டில் உட்காரும்போது ஒரு நேரம், எழும்போது ஒரு நேரம் என்று 40 பக்க நோட்டில் குறிக்க ஆரம்பித்தேன். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் ஒரு நாளுக்குச் சராசரி 4 மணி நேரம்தான் வந்தது. மாதத்தில் 22 நாள். ஆக 88 மணி நேரம்.

இந்த 88ஐத் தெரிந்துகொண்ட பிறகுதான் நான் ஒழுங்காகத் தூங்கினேன். அதுவரை கேட்கிற எல்லோருக்கும் "ஆகட்டும்மா, முடிச்சுத் தர்றேன்" என்று தலையாட்டிவிட்டு, கடைசி மூன்று நாள் ராத்திரி 2 மணி வரை உட்கார்ந்து, பிள்ளைகள் மேல் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். நடுத்தர டிசைன் ஒன்றுக்கு, அதாவது முதுகுக் கழுத்தும் இரண்டு கையும் சேர்த்து, எனக்கு 16 மணி நேரம் ஆகிறது. அப்படியானால் மாதம் 5 பிளவுஸ். ஆறாவதாக வருகிறவருக்கு அடுத்த மாதத் தேதிதான்.

ராத்திரியில் நூல் நிறம் பார்த்து எடுக்காதீர்கள். விளக்கில் மெரூனும் அரக்கும் ஒன்றாகத் தெரியும். காலையில் பார்த்தால் பகீரென்று இருக்கும்.

மாதம் எவ்வளவு சம்பாதிக்கலாம்? 30,000, 50,000 என்று வீடியோவில் சொல்கிறார்களே?

என் சாதாரண வேலைக்கு மணிக்கு 70 ரூபாய் கணக்கு. 88 மணி நேரத்துக்கு 6,160. மணப்பெண் வேலைக்கு மணிக்கு 100 வைக்கிறேன், கல்யாண மாதத்தில் 9,000 வரை வரும். பொருள் செலவு போக, என் கைக்கு நிற்கும் பணம் இது.

அதே 70 ரூபாயில் 30,000 வேண்டுமென்றால் 428 மணி நேரம் குத்த வேண்டும். 30 நாளும் லீவே இல்லாமல், தினம் 14 மணி நேரத்துக்கு மேல். வீட்டில் பிள்ளைகள் இருக்கிற ஒருத்தியால் முடியுமா என்று நீங்களே பாருங்கள். அவ்வளவு சம்பாதிக்கிறவர்கள் இல்லாமல் இல்லை. ஆள் வைத்துச் செய்கிறார்கள், இல்லையென்றால் வகுப்பு எடுக்கிறார்கள், தைத்தும் கொடுக்கிறார்கள். ஒற்றை ஆள் ஊசி வேலையில் மட்டும் அந்தத் தொகை வருவது கடினம்.

சரி, விலை எப்படிப் போடுவது?

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

முதல் வருடம் பக்கத்துத் தெரு அக்கா எவ்வளவு வாங்குகிறார் என்று விசாரித்து, அதைவிட 200 குறைத்து வைத்தேன். 800 ரூபாய்க்கு ஒரு பிளவுஸ். பொருளுக்கு 350 போனது. கை பழகாத காலம், 22 மணி நேரம் ஆனது. மீதி 450ஐ 22ஆல் வகுத்தால் மணிக்கு 20 ரூபாய் சொச்சம். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவே எனக்கு ஒரு வருடம் ஆனது. போட்ட அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எங்கள் தெருவில் சித்தாள் வேலைக்குப் போகும் பெண் என்னைவிடக் கூடுதலாகச் சம்பாதித்தார், சாயங்காலம் 5 மணிக்கு வேலையும் முடிந்தது.

இப்போது இப்படிப் போடுகிறேன். 16 மணி நேரம், மணிக்கு 70 வீதம் 1,120. பாசி, ஜரி, சர்தோசி எல்லாம் 320. இரண்டும் சேர்த்து 1,440. அதற்கு மேல் பத்தில் ஒரு பங்கு, 144 ரூபாய். ஊசி உடைவது, விளக்குக்கான கரண்ட், கடைக்குப் போய்வரும் பஸ் செலவு எல்லாம் அதில் அடக்கம். 1,584 வருகிறது, 1,600 என்று சொல்வேன்.

பேரம் பேசுவார்கள். அப்போது விலையைக் குறைக்காதீர்கள், வேலையைக் குறையுங்கள். "1,200க்குள்ள வேணும்னா கையில புட்டாவை எடுத்துட்டு பார்டர் மட்டும் போட்டுத் தர்றேன்மா" என்று சொன்னால் பத்தில் எட்டுப் பேர் ஒத்துக்கொள்வார்கள். மீதி இரண்டு பேர் கொஞ்சம் யோசித்துவிட்டு முழு வேலையே கேட்பார்கள்.

"வீட்ல சும்மாதானே இருக்க, எனக்கு ஒண்ணு போட்டுக் குடு" என்று சொந்தக்காரர்கள் கேட்டால்?

எல்லா வீட்டிலும் உண்டு. பணம் கொடுக்கக் கூடாது என்று அவர்கள் நினைப்பதில்லை. நாம் உட்கார்ந்திருக்கும் இடம் வீடு என்பதால், செய்வது வேலை என்று கண்ணுக்குப் படுவதில்லை. நான் இரண்டு நாத்தனார்களுக்கும் என் சித்தி மகளுக்கும் அவரவர் கல்யாண பிளவுஸை மட்டும் சீராகச் செய்து கொடுத்தேன், மனதாரச் செய்தேன். அதைத் தாண்டினால் "பொருள் காசும் பாதிக் கூலியும் குடுங்க அத்தாச்சி" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவேன். முதல் தடவை சொல்லும்போதுதான் நாக்கு எழாது. இரண்டு பேர் முகத்தைத் திருப்பினார்கள். அடுத்த பொங்கலுக்கு அவர்களே அட்வான்ஸோடு வந்தார்கள்.

அக்கம்பக்கத்தில் பேச வருகிறவர்களுக்கு நான் கண்டுபிடித்த வழி, கதவில் தொங்கும் ஒரு அட்டை. "வேலை நேரம் 9.30 – 12.30." என் மகள் எழுதியது. முதலில் கிண்டல் செய்தார்கள். இப்போது 12.30க்குத்தான் வருகிறார்கள்.

பிளவுஸ் பிட்டை வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

சேலையோடு வரும் பிட்டை நீங்கள் வெட்டாதீர்கள், அவர்களையே வெட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள். பிட் 80 சென்டிமீட்டரும் இருக்கும், 1 மீட்டரும் இருக்கும். உடம்பு வாகானவர்களுக்கு முழங்கை வரை கை வேண்டுமென்றால் 80 போதாது. அதை அங்கேயே அளந்து சொல்லிவிட வேண்டும். துணியில் கறை, இழை இழுப்பு இருந்தால் அவர்கள் கண் முன்னாலேயே போட்டோ எடுத்துவிடுங்கள். அளவு பிளவுஸ் எது என்று கேட்கும்போது, இப்போது போட்டால் சரியாக இருக்கிறதா என்றும் கேளுங்கள். கல்யாணத்துக்கு முன்னால் எடுத்த அளவை இரண்டு பிள்ளை பெற்றபின் கொண்டுவருகிறவர்கள் உண்டு.

தையல்காரர் யார் என்று கேட்டு, அவரிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். கழுத்தைச் சுற்றி அவர் எவ்வளவு துணி மடிப்பார் என்று தெரியாமல் பாசி வைத்தால், தையல் மிஷின் ஊசி பாசியில் இடித்து உடையும், பாசியும் நொறுங்கும். நான் அரை அங்குலம் விட்டுத்தான் ஆரம்பிப்பேன்.

வேலை கெட்டுப்போனால் யார் பொறுப்பு?

நம் கையில் கெட்டால் நாம்தான். ஒரு தடவை வெளிர் மஞ்சள் பட்டில் மெரூன் சில்க் நூலில் நெருக்கமாகப் பூ நிரப்பினேன். கறை ஒன்றை எடுக்க லேசாகத் தண்ணீர் தொட்டேன், பூவைச் சுற்றி ரோஸ் நிறத்தில் சாயம் இறங்கிவிட்டது. அந்த அம்மாவிடம் உண்மையைச் சொல்லி, அதே நிறத்தில் வேறு பட்டு எடுத்து, கூலி வாங்காமல் மறுபடியும் செய்து கொடுத்தேன். 2,800 ரூபாய் போனது. அந்த அம்மா வழியாக அதன்பின் ஏழு ஆர்டர் வந்தது வேறு கதை.

இப்போது புது நூல் எதுவானாலும், ஒரு முழம் எடுத்து நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்தித் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் தொடுவேன். கொடுக்கும்போது மூன்று விஷயம் சொல்லி அனுப்புவேன். தண்ணீரில் நனைக்க வேண்டாம். சென்டை வேலையின் மேல் அடிக்க வேண்டாம், ஜரி கறுத்துவிடும். இஸ்திரியைப் பின்பக்கம் மட்டும், மேலே துணி போட்டு. சூடு நேராகப் பட்டால் சமிக்கி சுருண்டுவிடும்.

அட்வான்ஸ் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

பாதிப் பணம் வாங்காமல் ஊசியைத் தொடாதீர்கள். மீதி, பிளவுஸைக் கையில் கொடுக்கும்போது. கூச்சமாக இருந்தால் ஒரு பில் புத்தகம் அச்சடித்து, அதில் "அட்வான்ஸ் 50%" என்று போட்டுவிடுங்கள். வாய் சொல்லாததைத் தாள் சொல்லும். வரவுக்கென்று தனி வங்கிக் கணக்கு வைத்து, க்யூஆர் அட்டையை அதோடு இணைத்துவிடுங்கள். வீட்டுச் செலவுக் கணக்கோடு கலந்தால் தொழிலில் லாபமா நஷ்டமா என்று கடைசி வரை தெரியாது.

பொட்டிக் எனும் டிசைனர் உடைக் கடைகளிடம் ஜாப் ஒர்க் வாங்கலாமா?

ஆரம்பத்தில் நல்லது, கை வேகம் வரும். கூலி பாதிதான் கிடைக்கும், பொருள் அவர்களுடையது. ஒரு கடைக்கு எட்டு மாதம் செய்தேன். கடைசி 4,200 ரூபாய்க்கு "அடுத்த வாரம், அடுத்த வாரம்" என்று இழுத்தார்கள், இன்றுவரை வரவில்லை. வாரா வாரம் கணக்கு முடிக்கிற இடமாகப் பாருங்கள். மூன்று பிளவுஸுக்கு மேல் பாக்கி வைக்க விடாதீர்கள்.

கம்ப்யூட்டர் எம்பிராய்டரி வந்தபின் கை வேலைக்கு மதிப்பு இருக்குமா?

வெறும் நூல் பூ என்றால் மிஷினோடு மோத முடியாது, விலையிலும் முடியாது, நேரத்திலும் முடியாது. சர்தோசியை ஒவ்வொன்றாக நறுக்கி, ஒன்றன் மேல் ஒன்றாகப் புடைத்து நிற்க வைப்பதும், பிட்டின் ஜரிகைக்கு ஏற்ப நடு வழியில் டிசைனை மாற்றுவதும், மணப்பெண்ணின் பெயரைக் கையில் கோத்துக் கொடுப்பதும் நம் பக்கம். கூட்டிக் கழித்துப் பார்த்தால் எனக்கு ஆர்டர் குறையவில்லை. 500 ரூபாய் பிளவுஸ் கேட்கிறவர்கள்தான் வருவதில்லை.

எந்த மாதத்தில் வேலை இருக்கும், எந்த மாதத்தில் இருக்காது?

தையிலிருந்து வைகாசி வரை மூச்சு விட முடியாது. ஆவணியில் மறுபடியும். ஆடி, புரட்டாசி, மார்கழியில் எங்கள் பக்கத்து இந்துக் கல்யாணங்கள் அநேகமாக இல்லை. கிறிஸ்தவ வீடுகளில் தவக்காலத்தில் வைக்க மாட்டார்கள். சீமந்தம் வருடம் முழுக்க வரும். சடங்கு விழாவைப் பள்ளி லீவு பார்த்து மே மாதத்தில் வைக்கிறார்கள்.

சிக்கல் என்னவென்றால், பிள்ளைகளின் முழுப் பரீட்சையும் பங்குனி, சித்திரைக் கல்யாண ஆர்டரும் ஒன்றாக வந்து நிற்கும். நான் மார்ச்சில் 5 பிளவுஸுக்குப் பதில் 3தான் எடுப்பேன். அந்தக் குறையை ஆடியில் வகுப்பு எடுத்துச் சரிக்கட்டுகிறேன். ஐந்து பேருக்கு மேல் சேர்ப்பதில்லை, கூடத்தில் இடமில்லை.

பதிவு, ஜிஎஸ்டி எல்லாம் வேண்டுமா? கடன் எங்கே வாங்கலாம்?

எம்பிராய்டரிக் கூலி சேவைக் கணக்கில் வரும். வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி. நமக்கு அந்தக் கவலை இப்போதைக்கு இல்லை. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு செய்துகொள்ளுங்கள், 2020 ஜூலையிலிருந்து இருக்கிறது, ஆதாரும் பான் எண்ணும் வேண்டும், கட்டணம் இல்லை. பணம் கேட்டால் அது அரசுத் தளம் இல்லை.

சிறு தொழில் கடனுக்கான முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 வரை அடமானம் இல்லாமல் கேட்கலாம். கைவினைஞர்களுக்காக 2023 செப்டம்பரில் தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் தையற்காரர் உண்டு, எம்பிராய்டரி தனியாக இல்லை. நீங்கள் தைக்கவும் செய்கிறீர்கள் என்றால் விசாரியுங்கள். முதல் தவணையாக 1 லட்சம் வரை 5% வட்டியில் கடன், கருவி வாங்க 15,000 ரூபாய், வீட்டுக்கு ஒருவருக்குத்தான். மகளிர் சுயஉதவிக் குழுவில் இருந்தால் அதுவே எளிது. 1989இல் தருமபுரியில் தொடங்கியது இன்று எல்லா ஊரிலும் இருக்கிறது.

வாரத் தவணைக் கம்பெனிகள் வீட்டு வாசலுக்கே வந்து கொடுக்கும். குடும்பத்தின் மொத்தத் தவணையும் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று 2022இல் ரிசர்வ் வங்கி விதி போட்டிருக்கிறது. என்னைக் கேட்டால் ஆரிக்குக் கடனே வேண்டாம். 7,000 ரூபாயை ஒரு சீட்டில் சேர்த்துவிடலாம்.

கண்ணும் முதுகும் போய்விடுமாமே?

கவனிக்காவிட்டால் போகும். 20 நிமிடத்துக்கு ஒரு தடவை தலையைத் தூக்கி, எதிர் வீட்டு மாடியைப் பார்க்கிற மாதிரி தூரமாக எதையாவது கொஞ்ச நேரம் பாருங்கள். 40ஐ நெருங்கும்போது வெள்ளெழுத்து எல்லோருக்கும் வரும், அதற்குத் தொழிலைத் திட்ட வேண்டாம், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். தரையில் உட்கார்ந்து செய்த இரண்டு வருடத்தில் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ஸ்டாண்டின் காலை ஆசாரியிடம் உயர்த்தி, நாற்காலிக்கு மாறினேன்.

வீட்டுக்காரரும் மாமியாரும் ஒத்துழைக்க என்ன செய்தீர்கள்?

கணவரிடம் அந்த 40 பக்க நோட்டைக் காட்டினேன். மணி நேரத்தைப் பார்த்ததும் அவரே காலை டிபனை எடுத்துக்கொண்டார். தோசை இன்னும் வட்டமாக வரவில்லை, பிள்ளைகள் பழகிவிட்டார்கள். மாமியார் முதலில் "பொம்பளை ஊசியப் பிடிச்சா வீடு விளங்குமா" என்றவர்தான். இப்போது வாடிக்கையாளர்கள் வந்தால் அவர்தான் முதலில் உட்கார வைத்துப் பேசுவார், எந்த வீட்டில் அடுத்த கல்யாணம் என்று எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். மாதம் 500 ரூபாய் அவர் கையில் கொடுக்கிறேன். வாங்கும்போது வேண்டாம் என்பார், 1ஆம் தேதி தள்ளிப்போனால் கேட்பார்.

லீவே கிடையாதா அக்கா?

ஞாயிற்றுக்கிழமை ஊசியைத் தொடுவதில்லை. அப்புறம் சித்திரைத் திருவிழா. மீனாட்சி கல்யாணத்துக்கு முந்தின நாளோடு எல்லா பிளவுஸையும் கொடுத்துவிட்டு, சட்டத்துக்கு வேட்டியைப் போர்த்திவிடுவேன். அழகர் ஆற்றில் இறங்கி மலைக்குத் திரும்பும் வரை எங்கள் வீட்டில் வேலை இல்லை. அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை அன்றைக்கு அவசர ஆர்டர் என்று வந்து கதவைத் தட்டினாலும் திறக்க ஆள் இருக்காது, தல்லாகுளத்தில் வந்து தேடுங்கள்.